பிரேக் பிடிக்கத் தெரிந்தவனுக்கே பரிசு!

கார்ப் பந்தயம் என்றாலே கண்மண் தெரியாத வேகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு பந்தயத் திடலில், வேகமாகப் போகத் தெரிந்தவனைவிட வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு. மார்ட்டின்ஸ்வில் என்பது அதன் பெயர்.

அங்கு நடப்பது 'ஸ்டாக் கார்' பந்தயம். கடையில் விற்கும் காரையே பந்தயத்துக்கு ஓட்டி வந்த காலத்தில் ஏற்பட்ட பெயர் இது. இன்றைய கார்கள் வெளித்தோற்றத்தில்தான் கடைக் காரைப் போல இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தவை. 'நாஸ்கார்' என்ற அமைப்பு இப்பந்தயங்களை நடத்துகிறது.

புழுதியில் பிறந்த திடல்

கிளே ஏர்ல்ஸ் என்பவர் அமைத்த இத்திடலில் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. 750 பேர் உட்காரத்தான் இடம் தயாராகியிருந்தது. வந்து குவிந்ததோ ஆறாயிரம் பேர்! அப்போது அது வெறும் மண் பாதை. அன்று வென்றவர் ரெட் பைரன். இரண்டாவது உலகப் போரில் காலில் பலத்த காயம்பட்டவர். அந்தக் காலுக்காகத் தனியாக ஏற்பாடு செய்த கிளட்சை மிதித்துத்தான் ஓட்டினார். 1949-ல் நாஸ்காரின் முதல்தரப் பந்தய வரிசை தொடங்கியபோது, அதன் முதல் சாம்பியனும் அவரே.

நாஸ்கார் பிறந்தது 1948-ல். ஆக, அமைப்பைவிடத் திடலுக்கு வயது அதிகம். 1949 முதல் இன்று வரை ஆண்டு தவறாமல் அந்த வரிசையில் இடம் பெற்றுவரும் திடல் இது ஒன்றுதான். 1955-ல் தார் போடப்பட்டது.

ஆயிரம் முறை பிரேக்

புளோரிடாவில் உள்ள புகழ் பெற்ற டேடோனா திடலின் ஒரு சுற்று இரண்டரை மைல். மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு சுற்று 0.526 மைல்தான்; அதாவது சுமார் 850 மீட்டர். ஆபீஸில் காகிதங்களைச் சேர்த்துச் செருகும் கிளிப்பைப் போன்ற வடிவம். இரண்டு நீண்ட நேர்பாதைகள், இரு முனைகளிலும் நெருக்கமான வளைவுகள். நேர்பாதைகளில் தார், வளைவுகளில் கான்கிரீட். பின்புற நேர்பாதைக்கு அப்பால் ரயில் பாதை செல்கிறது. கார்கள் உறுமிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி ஓடுவதும் உண்டு.

நேர்பாதையின் நீளம் 800 அடிதான். அதற்குள் கார் மணிக்கு 190 கிலோ மீட்டர் அளவுக்கு வேகம் பிடித்துவிடும். வளைவு வந்ததும் அதில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தாக வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பிரேக். 500 சுற்றுப் பந்தயத்தில் ஆயிரம் முறை! பிரேக் தட்டுகள் நெருப்பாகச் சிவந்துவிடும். முதல் பாதியில் ஆத்திரப்பட்டு மிதித்தவருக்குக் கடைசியில் பிரேக் இருக்காது. பிரேக்கையும் டயரையும் சிக்கனமாகச் செலவிடுகிறவரே கடைசி வரை தாக்குப்பிடிப்பார்.

வெற்றி பெறுகிறவருக்குக் கோப்பை அல்ல, ஆளுயர ஊசல் கடிகாரம் பரிசு. மரச்சாமான் தொழிலுக்குப் பெயர் போன வட்டாரம் அது. 1964-ல் ஏர்ல்ஸ் ஏற்படுத்திய வழக்கம் இன்றும் தொடர்கிறது. இத்திடலில் 15 பந்தயங்களை வென்று சாதனை படைத்தவர் ரிச்சர்ட் பெட்டி.

பிரேக்கை மறந்த ஒரு வீரர்

இத்தனை கால அனுபவத்தையும் தலைகீழாக்கிய சம்பவம் 2022-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி நடந்தது. ஆண்டு சாம்பியன் பட்டத்துக்கு மோதும் கடைசி நால்வரைத் தீர்மானிக்கும் பந்தயம் அது. கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் பத்தாவது இடத்தில் வந்துகொண்டிருந்தார். நால்வரில் ஒருவராக வேண்டுமானால் இன்னும் இரண்டு இடம் முன்னேற வேண்டும். இருந்ததோ ஒரே ஒரு வளைவு.

சாஸ்டெய்ன் தர்ப்பூசணி பயிரிடும் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் வீடியோ விளையாட்டில் செய்த ஒரு தந்திரம் அப்போது அவருக்கு நினைவு வந்தது. ஐந்தாவது கியரைப் போட்டார். பிரேக்கைத் தொடவே இல்லை. வெளிச்சுவரில் காரைச் சாய்த்து, சுவரைத் தேய்த்தபடியே வளைவு முழுவதையும் கடந்தார். மற்றவர்கள் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க, ஐந்து கார்களைத் தாண்டினார்! வழக்கமாக 20 விநாடி அளவில் முடியும் சுற்று, 18.845 விநாடியில் முடிந்தது. அத்திடலில் எந்த ஸ்டாக் காரும் அவ்வளவு விரைவாகச் சுற்றியதில்லை. நால்வர் பட்டியலில் அவர் இடம் பெற்றார். டென்னி ஹாம்லின் வெளியேறினார்.

ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். சக வீரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுவரில் மோதிய கார் திரும்பிப் பாய்ந்தால் என்ன ஆகும்? அடுத்த பந்தயத்தில் பத்துப் பேர் இதையே செய்தால்? வேலிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? 2023 பந்தயங்கள் தொடங்கும் முன்பே நாஸ்கார் முடிவு சொல்லிவிட்டது. பாதுகாப்பு விதியின்படி இனி இதற்குத் தண்டனை உண்டு!

விதி வெறும் காகிதத்தில் நிற்கவில்லை. 2024 நவம்பர் 3-ந் தேதி அதே திடலில், கடைசி வளைவில் கிறிஸ்டோபர் பெல்லின் கார் சுவரை ஒட்டிச் சென்றது. சறுக்கிப் போய் மோதியதாக அவர் சொன்னார். நாஸ்கார் ஏற்கவில்லை. 18-ம் இடத்திலிருந்து 22-ம் இடத்துக்கு இறக்கப்பட்டார். நால்வரில் ஒருவராகும் வாய்ப்பு பறிபோனது. 2022-ல் சாஸ்டெய்ன் சுவரில் பாய்ந்த அதே பந்தயத்தில் வெற்றி பெற்றுக் கடிகாரம் வாங்கியவர் இந்த பெல்தான்!

பெல்லுக்கு இது கசப்பான தீர்ப்புதான். ஆனாலும் விதி சரியே. துணிச்சல் ஒருவனை ஒருநாள் காப்பாற்றலாம். ஆயிரம் முறை அளந்து பிரேக் மிதிக்கிறவனின் உழைப்புக்கு ஒரு நொடித் துணிச்சல் ஈடாகிவிட்டால், பிறகு அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள யாருக்கு மனம் வரும்? மார்ட்டின்ஸ்வில் கடிகாரம், நேரம் அறிந்து நிதானித்தவன் வீட்டில் ஒலிப்பதுதான் பொருத்தம்.