இரவே ஊறிய காலை உணவு

1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் ஊரில், டாக்டர் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் தம் நீர்ச்சிகிச்சை இல்லத்து நோயாளிகளுக்காக உருவாக்கிய காலை உணவில் இரண்டே பொருள்கள்: தவிடு நீக்காத கோதுமை மாவு, தண்ணீர். பிசைந்த மாவைத் தகடாகப் பரப்பிச் சுடுவார்கள். காய்ந்ததும் உடைத்து மறுபடியும் சுட்டு, இன்னும் பொடியாக உடைப்பார்கள். 'கிரானுலா' என்று பெயர். அப்படியே மென்றால் பல்லுக்குத்தான் கேடு. இரவே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் கரண்டி இறங்கும். இறைச்சி, மது, புகையிலை, காப்பி எல்லாம் விலக்கப்பட்ட அந்த இல்லத்தில் அது மருந்தின் வரிசையில் நின்ற உணவு. இன்னொரு கிண்ணம் கேட்டுச் சாப்பிட்டவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் கோதுமையோடு ஓட்ஸையும் சோளத்தையும் சேர்த்து, அதே பெயரில் ஒன்றைச் செய்தார். வழக்கு வந்தது, பெயர் 'கிரனோலா' ஆனது. பிறகு சோள அவல் வந்து அதை ஓரங்கட்டியது. 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் ஓட்ஸ், தேன், கொட்டைகளோடு அதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். 1972-இல் பெரிய நிறுவனங்கள் அதைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கின. இனிப்பு அழுத்தமாக ஒட்டிக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான்.

இன்று வீட்டில் செய்வது ஜாக்சனின் பண்டத்துக்குத் தூரத்து உறவுகூட இல்லை. மூன்று கப் ரோல்டு ஓட்ஸ்; இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மாவாகிவிடும். பாதாம், முந்திரி, பூசணி விதை எல்லாம் சேர்ந்து ஒரு கப். கால் கப் எண்ணெய், கால் கப் தேன், சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிசிறி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் பரப்பி, 150 டிகிரி ஓவனில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் போதும். தட்டின் ஓரம்தான் முதலில் சிவக்கும். ஆகவே பாதியில் ஒருமுறை ஓரத்தை நடுவுக்குத் தள்ள வேண்டும். வெளியே எடுக்கும்போது சற்று மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினால் கருகிவிடும். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும். உலர்திராட்சையை ஆறிய பிறகு சேர்ப்பதே நல்லது. ஓவனுக்குள் போனால் கசந்து கல்லாகும்.

அன்று ஓர் இரவு காத்திருந்தார்கள். இன்று ஒரு மணி நேரம் ஆற விடுவதற்குள் கை தட்டுக்குப் போகிறது. சுவை கூடியது, அளவு போயிற்று. ஊறி உப்பிய உணவைக் கிண்ணத்துக்கு மேல் சாப்பிட முடியாது. இதையோ டப்பாவிலிருந்து நின்றபடியே அள்ளித் தின்னலாம். எண்ணெயும் கொட்டையும் தேனும் சேர்ந்த 100 கிராம் கிரனோலா 400 கலோரியைத் தாண்டும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. 'ஆரோக்கிய உணவு' என்ற பட்டம் மட்டும் மாறாமல் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் செய்வதன் உண்மையான ஆதாயம், தேன் எவ்வளவு என்பது நம் கையில் இருப்பதுதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். தேன் இனிப்பு மட்டுமல்ல, பசையும்கூட. அதைப் பாதியாகக் குறைத்தால் எல்லோரும் தேடுகிற அந்தக் கட்டிகள் பிடிக்காது, கிரனோலா உதிரியாகிவிடும். எனக்கு உதிரியே போதும், தயிரில் போட்டால் எப்படியும் கரையப்போகிறதுதானே. வீட்டில் மற்றவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்காக ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்து, இடையில் கிளறாமல் விட்டுவிடுகிறேன். தேன் ஏறாமலே கட்டி பிடிக்கிறது.