தோலின்றி எழும் முழக்கம்

முழவு என்றதும் இறுக்கிக் கட்டிய தோலே தமிழர் நினைவில் எழும். பறை, தவில், உறுமி, பம்பை, மிருதங்கம் என நம் தாளக் கருவிகளில் பெரும்பாலானவை தோற்கருவிகள். வங்கக் கடலின் தென்கிழக்கே, பெரிய அந்தமான் தீவுகளில் வாழ்ந்துவந்த பழங்குடியினரோ தோல் போர்த்த கருவி எதனையும் கொள்ளவில்லை. அவர்கள் ஆடலுக்குத் தாளம் தந்தது ஒரு மரப்பலகை. கேடயம் போன்ற வடிவில் பெருமரத்திலிருந்து செதுக்கி, ஒரு புறத்தைக் குடைந்து, மறுபுறத்தைக் குவிவாக விட்டிருப்பார்கள். குவிந்த பக்கம் மேலே இருக்குமாறு அதனைத் தரையில் கிடத்திப் பாடல் தலைவன் ஒரு காலால் அழுத்திப் பிடிப்பான்; மறுகாலின் குதியால் மிதித்து முழக்குவான். சுற்றி அமர்ந்த பெண்கள் தொடையில் கைதட்டித் துணைத்தாளம் இடுவார்கள்.

இப்பலகையைப் பற்றி ஈ. எச். மேன் 1880களில் எழுதினார். எம். வி. போர்ட்மன் 1888இல் அந்தமான் இசை பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். 1906 முதல் 1908 வரை அத்தீவுகளில் களப்பணி செய்த ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியிட்ட தம் நூலில் ஆடலையும் பலகையையும் விரிவாக விளக்கினார்.

மின்னணுவியல் உலகிலும் தோலின்றி முழங்கும் கருவி ஒன்று உண்டு. அனலாக் டிரம் சிந்தசைசர் என இசைக்கலைஞர்கள் அழைக்கும் அதனை இக்கட்டுரையில் முழவொலித் தொகுப்பி எனக் குறிப்போம். முன்பே பதிந்து வைத்த மேள ஒலியை மீட்டுத் தரும் கருவி அன்று இது. மின்னழுத்தத்தின் இடையறாத ஏற்ற இறக்கத்தால், ஒவ்வோர் அடியையும் அந்தந்த நொடியிலேயே புதிதாக ஆக்குவது. அந்தமான் பலகையும் இம்மின்சுற்றும் ஒரே இயற்பியல் விதியின் இரு வடிவங்கள். அவ்விதியை அறிந்தவர் இரண்டையும் அறிவார். நம் மிருதங்கத்தையும் கூர்ந்து கேட்பார்.

அடியின் இயற்பியல்

அடி என்பது மிகக் குறுகிய நேரத்தில் ஒரு பொருளுக்கு ஆற்றல் ஊட்டும் செயல். அடித்த கணத்திற்குப் பின் அடித்தவருக்கு அங்கு வேலையில்லை. பொருள் தன் விறைப்புக்கும் நிறைக்கும் ஏற்ற இயல்பதிர்வெண்களில் தானே அதிர்கிறது. விறைப்பு மிகுந்தால் சுருதி ஏறும். நிறை மிகுந்தால் இறங்கும். பெற்ற ஆற்றலில் ஒரு பங்கு காற்றில் ஒலியாகப் பரவுகிறது. மற்றொரு பங்கு பொருளினுள் உராய்வால் வெப்பமாகிறது. ஒவ்வோர் அலைவிலும் எஞ்சியிருக்கும் ஆற்றலில் ஒரே விகிதம் கழிவதால், வீச்சு முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் தேய்கிறது. இதனைத் தடையுறு அலைவு என்பார்கள்.

ஆகவே முழவொலி எதனையும் நான்கு கூறுகளாகப் பகுக்கலாம்: தாக்கம், சுருதி, தேய்வு, இரைச்சல். தாக்கியின் தன்மையும் ஒலியை மாற்றும். குதிகால் மென்மையானது, பலகையோடு சற்று நீண்ட நேரம் தொட்டிருக்கும். அதனால் உயர் அதிர்வெண்கள் மங்கித் தாழ்ந்த முழக்கம் ஓங்கும். அதே பலகையை வலிய குச்சியால் தட்டினால் தொடுநேரம் குறுகிக் கூர்மையான ஒலி எழும். பலகையின் குவிவு அதன் விறைப்பைக் கூட்டுகிறது. அகன்ற பரப்பு மிகுதியான காற்றைத் தள்ளுகிறது.

மரத்தின் தன்மையும் கருதத் தக்கது. இப்பலகைகளுக்கு அந்தமான் படாக் மரம் பயன்பட்டது. நம் வேங்கையும் செஞ்சந்தனமும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. உள்ளுராய்வு குறைந்த மரம் நெடிது ஒலிக்கும். அப்பேரினத்தின் ஆப்பிரிக்க உறவான மற்றொரு படாக், மரிம்பா என்னும் இசைக்கருவியின் கட்டைகளுக்கு இன்றும் பயன்படுவது இப்பண்பாலேயே. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரம் ஏறிய தோல் தளர்ந்து கனத்துச் சுருதி இறங்கும் என்பதைத் தீயில் காய்ச்சிப் பறையை முறுக்கேற்றும் கலைஞர் நன்கு அறிவார். மரப்பலகைக்கு அந்த இழுவிசைச் சிக்கல் இல்லை.

மின்சுற்றில் ஒரு முழவு

மின்சுருளையும் மின்தேக்கியையும் இணைத்தால் மின்னூட்டம் இரண்டுக்கும் இடையே முன்னும் பின்னும் அலையும். சுருள் நிறையின் இடத்தையும், மின்தேக்கி விறைப்பின் இடத்தையும் ஏற்கின்றன. ஆயினும் பெருமுழவின் தாழ்சுருதிக்கு இம்முறை ஒத்துவராது. 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கொண்டு 50 ஹெர்ட்சு ஒலியைப் பெற வேண்டுமானால் சுமார் 10 ஹென்றி அளவுள்ள சுருள் தேவை. அது கனத்த இரும்புள்ளகத்தில் சுற்றிய பெருஞ்சுருளாகிவிடும்.

எனவே பொறியாளர்கள் சுருளை நீக்கிச் செயல்பாட்டுப் பெருக்கி ஒன்றைத் துணைகொண்டனர். இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்து, அவை கூடுமிடத்திலிருந்து சிறு மின்தடை ஒன்றைத் தரையிணைப்புக்கு இறக்கி, இரண்டுக்கும் மேலாகப் பெரிய மின்தடை ஒன்றைப் பாலமாக இடுவார்கள். பாலமிட்ட டி-வலை எனப்படும் இவ்வமைப்பைப் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் வைத்தால், குறுகிய மின்துடிப்பு ஒன்று வந்து தாக்கும்போது சுற்று தன் இயல்பதிர்வெண்ணில் அதிர்ந்து தேயும். மின்தேக்கிகள் ஒவ்வொன்றும் 15 நானோஃபாரட், மின்தடைகள் 10 இலட்சம் ஓமும் 47,000 ஓமும் எனக் கொண்டால் அதிர்வெண் ஏறத்தாழ 49 ஹெர்ட்சு. கைக்குள் அடங்கும் சில உறுப்புகளில் ஒரு பெருமுழவு!

இச்சுற்றைத் தனியே விட்டால் அதன் வீச்சு சுமார் 15 மில்லிநொடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கேட்பவர் காதில் வெறும் தட்டலாகவே படும். ஊஞ்சல் தானே நிற்கவிருக்கும் வேளையில் ஒவ்வோர் அசைவிலும் சிறிது தள்ளிவிட்டால் அது நெடுநேரம் ஆடுவதுபோல, வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பினால் முழக்கம் நீளும். திருப்பும் அளவை ஒரு திருகுகுமிழ் ஆளும். அளவு மிகுந்தால் தேய்வே இல்லாமல் சுற்று ஓயாது ஒலிக்கத் தொடங்கும்; சற்றுக் குறைந்தால் நீண்ட முழக்கமாக நிற்கும். அந்த எல்லையைத் தேடிக் கண்டு நிறுத்துவதில் கலைஞரின் செவித்திறன் விளங்கும்.

வலிய அடியில் தோல் கூடுதலாக இழுபடுவதால் சுருதி ஒரு கணம் உயர்ந்து பின் இறங்கும். நம் செவி அந்த இறக்கத்தைக் கொண்டும் அடியின் வலிமையை உணர்கிறது. இதனையும் மின்சுற்றில் ஆக்கலாம். தொடக்கச் சில மில்லிநொடிகளுக்கு மட்டும் மின்தடையைக் குறைத்தால் அதிர்வெண் உயர்ந்து உடனே தன் நிலைக்கு மீளும்.

சப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்னும் கருவியின் பெருமுழவொலி இவ்வமைப்பாலேயே ஆனது. அக்கருவி, 1983இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 12,000 அளவிலேயே செய்யப்பட்டது. இன்றைய உலகத் திரையிசையிலும் ஆடலிசையிலும் நெஞ்சில் மோதும் தாழ்முழக்கங்களில் பல அதன் வழிவந்தவையே.

இரைச்சலின் பயன்

சுருதியுள்ள அலைவு மட்டும் முழவாகிவிடாது. கை தோலில் படும் உரசல், குச்சியின் சடசடப்பு, சலங்கையின் கலகலப்பு ஆகியவை எல்லா அதிர்வெண்களும் ஒழுங்கின்றிக் கலந்த இரைச்சல்கள். டிரான்சிஸ்டரின் ஒரு சந்தியைத் தலைகீழ் மின்னழுத்தத்தில் நிறுத்தினால் அதில் எழும் மின்னோட்டம் கணந்தோறும் தாறுமாறாக மாறும். வானொலிப் பொறியாளர் ஒழிக்கப் பாடுபடும் அக்குறையே இங்கு மூலப்பொருள். அதனைப் பெருக்கி, வடிப்பியால் வேண்டிய அதிர்வெண் பகுதியை மட்டும் எடுத்து, வீச்சை ஆளும் சுற்றின் வழியே விட்டால் தட்டல், சிலம்பல், சீறல் ஆகியவை பிறக்கின்றன. டிஆர்-808 கருவிக்காகக் குறையுள்ளவை எனத் தள்ளப்பட்ட டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கியதாக ரோலண்டு நிறுவனர் இக்குத்தாரோ காக்கெஹாசி பின்னாளில் கூறினார்.

கைதட்டலை ஆக்கும் முறை நுட்பமானது. ஒரு கூட்டத்தின் கைகள் ஒரே கணத்தில் இணைவதில்லை. சில மில்லிநொடிகள் முன்பின்னாகவே படும். ஆதலால் ஒரே இரைச்சலை ஏறத்தாழ 10 மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்துச் சிறு வெடிப்புகளாகத் திறந்து மூடி, அவற்றின் பின்னே நீண்ட தேய்வு ஒன்றைச் சேர்ப்பார்கள். இதனைக் கேட்கும் செவி பலர் கூடித் தட்டுவதாகக் கொள்கிறது. அந்தமான் ஆடுகளத்தில் பலகை தந்தது தாழ்ந்த சுருதியுள்ள அலைவு. பெண்களின் தொடைத்தட்டு தந்தது சிதறி விழும் இரைச்சல். டிஆர்-808இன் பெருமுழவொலியையும் கைதட்டலையும் சேர்த்து ஒலித்தால் அதே இரு கூறுகளே கிடைக்கின்றன. தாளம் தெளிவாக ஒலிக்க இவ்விரண்டும் வேண்டும் என்பதைக் காட்டில் வாழ்ந்த கலைஞர்களும் ஆய்வகப் பொறியாளர்களும் தனித்தனியே கண்டனர்.

மணியொலிக்கு வேறு வழி. உலோகத்தின் அதிர்வெண்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதே கருவியில் 540, 800 ஹெர்ட்சு என ஒன்றோடொன்று இசையாத இரு சதுர அலைகளைக் கலந்து மாட்டுமணி ஒலியையும், அத்தகைய ஆறு அலைகளைக் கலந்து வடித்துச் சிம்பல் ஒலியையும் ஆக்கினர்.

இராமன் கண்ட மிருதங்கம்

சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் இயல்பதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்னும் விகிதத்தில் ஏறுகின்றன. இவை முழு எண்கள் அல்ல என்பதால் வெறுந்தோலில் தெளிந்த சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை இவ்விதியை மீறுவதுபோல் இனிய சுருதியோடு ஒலிப்பது எப்படி என்ற வினாவைத் திருச்சி மண்ணில் பிறந்த சர் சி. வி. இராமன் எடுத்துக்கொண்டார். சிவகாளி குமாருடன் இணைந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையிலும், 1934இல் இந்திய அறிவியல் அகாதெமி வெளியீட்டில் எழுதிய விரிவான கட்டுரையிலும் அவர் விடை தந்தார். தோலின் நடுவே அடுக்கடுக்காகத் தேய்த்து அமைக்கும் கரணை நிறையைப் பங்கிடும் முறையால், முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சீரிசைகளாக ஒன்றுகூடுகின்றன. கருவி செய்வோரின் தலைமுறைப் பட்டறிவு கணித விதிக்கு நிகரான தீர்வை முன்னரே கண்டிருந்தது.

முழவொலித் தொகுப்பியைக் கையாள்வோருக்கு இது நேரடியான வழிகாட்டி. இரண்டு அலைவுச் சுற்றுகளை 1, 1.59 என்னும் விகிதத்தில் வைத்தால் சுருதியற்ற பறை போன்ற ஒலி வரும். 1, 2, 3 என முழு எண் விகிதத்தில் மூன்று சுற்றுகளை வைத்தால் கரணையிட்ட தோலின் சாயல் தோன்றும். இராமன் விளக்கியதைக் குமிழைத் திருகிச் செவியால் சரிபார்க்கலாம்.

இந்தியாவில் இக்கருவிகள்

நம் நாட்டுக்கு இத்தொழில்நுட்பம் புதிதன்று. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையறிஞர் டேவிட் டியூடர் உதவியால் மூக் ஒலித்தொகுப்பி ஒன்று நிறுவப்பட்டது. அலையியற்றிகள், இரைச்சல் மூலம், வடிப்பிகள் ஆகியவற்றைக் கம்பிகளால் இணைத்து, 1972 வரை இந்தியக் கலைஞர்கள் அங்கு மின்னணு இசை ஆக்கினர். மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்சித் சிங், டிஆர்-808 முதலிய ரோலண்டு கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை மின்னணுத் தாளத்தோடு 1982இல் பதிவு செய்தார். அன்று பெரிதும் கவனம் பெறாத அத்தட்டு, 2010இல் மறுவெளியீடு கண்டபின் உலகெங்கும் வியந்து பேசப்பட்டது.

அறிய வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மின்சுற்று மிருதங்க வித்துவானின் விரலுக்கு மாற்றாகாது. ஒவ்வோர் அடியிலும் விரலின் இடமும் அழுத்தமும் கோணமும் மாறி, தோலின் வெவ்வேறு அதிர்வு வகைகளை எழுப்புகின்றன. சில குமிழ்கள் அச்செழுமையைத் தர இயலாது. இச்சுற்றின் சிறப்பு அதன் கற்பிக்கும் ஆற்றல். முழவில் ஒன்றாய்க் கலந்து ஒலிக்கும் தாக்கத்தையும் சுருதியையும் தேய்வையும் இரைச்சலையும் இது தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது.

அந்தமான் பலகையை முழக்கிய மக்களின் நிலையையும் அறிய வேண்டும். பெரிய அந்தமான் பழங்குடியினர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். 2011இல் 44 பேர். குடியேற்றத்தோடு வந்த நோய்களும் நிலஇழப்பும் ஒரு பெருங்குழுவை இந்நிலைக்குத் தள்ளின. ஆடுகளம் சுருங்கியபோது பலகையின் முழக்கமும் அருகியது. தீவுப் பழங்குடிகளின் வாழிடங்களுக்குள் வெளியார் நுழைவதை 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது, அத்தடை முறையானது. ஒலி தேடி அவர்களிடம் செல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்தம் இசையை வணிகத் தாளத்துண்டாக்குவதும் தகாது. பலகையின் வடிவமும் பயன்பாடும் நூல்களில் பதிவாகியுள்ளன. அதன் இயற்பியலை அறிய மரமும் மின்சுற்றும் போதும்.

ஆகவே தீவுகளிலும் தமிழகத்திலும் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேனிலை வகுப்பில் தடையுறு அலைவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு செயல்பாட்டுப் பெருக்கி, இரண்டு மின்தேக்கிகள், சில மின்தடைகள், 9 வோல்ட் மின்கலங்கள், சிறு ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கொண்டு மாணவரே பாலமிட்ட டி-வலையை அமைக்கட்டும். மின்தடையை மாற்றிச் சுருதி ஏறுவதையும், பின்னூட்டத்தைக் கூட்டி முழக்கம் நீள்வதையும் கேட்கட்டும். பக்கத்தில் ஒரு பறையையும் ஒரு மிருதங்கத்தையும் ஒரு தடித்த மரப்பலகையையும் வைத்து மாறி மாறித் தட்டி ஒப்பிடட்டும். இராமனின் ஆய்வை அடுத்த தலைமுறை தொடர வேண்டுமானால், அதற்கான பயிற்சியைப் பள்ளி ஆய்வகத்திலேயே தொடங்குங்கள்.