கூலிக்காரரிடமும் காணிக்கை கேட்ட பிஷப்

காணிக்கையைப் பற்றிய பிரசங்கம் என்றால் ஏழை விதவையின் இரண்டு காசு அநேகமாக வந்துவிடும். எருசலேம் ஆலயத்தில் பணக்காரர்கள் தங்கள் நிறைவிலிருந்து எடுத்துப் போட, அவளோ பிழைப்புக்கு இருந்த அத்தனையையும் போட்டாள் என்று இயேசு சீடர்களிடம் சொன்ன நிகழ்ச்சி அது. மாற்கு சுவிசேஷத்தில் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை அதே இயேசு கடிந்துகொள்கிறார். ஆகவே இதை அவளுக்குக் கிடைத்த பாராட்டாக மட்டும் படிக்கக்கூடாது, அவளிடமும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டின் மேல் வைத்த குற்றச்சாட்டாகவும் படிக்க வேண்டும் என்கிற வேத அறிஞர்கள் உண்டு. பிரசங்க மேடையில் இந்த விளக்கம் அதிகம் காதில் விழுவதில்லை.

அப்படியானால் இல்லாதவரிடம் காணிக்கை கேட்கலாமா? கேட்கத்தான் வேண்டும் என்று சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்து, 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர்.

ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபை நூற்றாண்டைக் கடந்திருந்தும் அப்படி ஒன்று இல்லையே என்பது அவரை உறுத்தியது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது என்பது அதன் ஏற்பாடு. சங்கம் தெரிந்தெடுத்த இடம், நிஜாம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல். மற்றவர்களை அனுப்பிவிட்டு ஊரில் இருக்க மனம் வராமல், 1909இல் குருப்பட்டம் பெற்று அசரியாவே அங்கே குடிபோனார். தெலுங்கு படித்தார்.

தோர்ணக்கல் சபையாரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் பலர் நிலமில்லாத கூலிகள். அவர்களிடம்தான் கேட்டார். சோறு பொங்க எடுக்கும் அரிசியில் பெண்கள் ஒரு பிடியைத் தனியே போட்டு வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோழியும் காய்கறியும் வந்தன. கொடுக்க எதுவும் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார். ஞானஸ்நானம் பெற்றவர், தம் தலையில் கைவைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. பொருளோடு ஆளையும் சேர்த்துக் கேட்டார் என்று பொருள். தலைமுறை தலைமுறையாகக் கைநீட்டியே நிற்கும்படி வைக்கப்பட்டவர்களை, கொடுப்பவர்கள் வரிசைக்குக் கொண்டுவந்தது இது. அதே கோரிக்கையைப் பட்டினி கிடக்கும் வீட்டில் வைப்பது கொடுமையாகவும் முடியலாம். கேட்பவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது.

பணக்காரரிடமும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிகள் சொத்தைக் கொடுத்திருக்கிறார்கள், உடலையும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் இந்தியருக்கு நண்பர்களாகவில்லையே என்று முகத்துக்கு நேரே கேட்டார். அன்பில்லாத கொடை வீண் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை, அனுப்பிவைத்தவர்களிடமே திருப்பிக் காட்டிய பேச்சு அது. அரங்கில் சிலருக்குக் கோபம் வந்தது.

இப்போது தொலைக்காட்சியில், காணிக்கையை விதையாகப் போடு, நூறு மடங்காக அறுப்பாய் என்று கேட்கும் குரல்கள் பெருகிவிட்டன. முழு மனதோடு கொடுப்பது என்ற அதே பேச்சுதான், ஆனால் கணக்கு வேறு: அங்கே கொடுப்பவர் லாபத்துக்காகப் போடுகிறார், போன பணம் எங்கே போனது என்று கேட்கவும் வழியில்லை.

தோர்ணக்கலில் பார்த்ததைப் போன்ற கைப்பிடி அரிசியோ மிசோரமில் இன்னும் ஒரு பெரிய நிதி. பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். அதை வீடுவீடாகத் திரட்டி விற்ற பணத்தில், பிற மாநிலங்களுக்கு அனுப்பும் ஊழியர்களின் செலவில் ஒரு பகுதி நடக்கிறது.