பழைய கணனியை மூடுவதும் ஒரு தொழில்தான்

புதுக்கடை திறந்து தர ஆள் தேடுவோர் பலர். பழைய கடையை ஒழுங்காக மூடித்தரவும் ஆள் தேவை என்பதை நாம் யோசிப்பதில்லை. கணனித் துறையில் அது ஒரு தனித் தொழில்.

உலகின் பல வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், அரச திணைக்களங்களின் கணக்குகள் இன்னமும் முப்பது நாற்பது வருடப் பழைய கணனி முறைகளிலேயே ஓடுகின்றன. அவற்றில் பல, 1959இல் திட்டமிடப்பட்ட ‘கோபோல்’ என்ற கணனி மொழியில் எழுதப்பட்டவை. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநில ஆளுநர் இம்மொழி தெரிந்தவர்களை உதவிக்கு வரும்படி பகிரங்கமாகவே கேட்டுக்கொண்டார்.

இவற்றை மூடுவதற்கு நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆட்களை எடுக்கின்றன. பழையதில் என்ன இருக்கிறது, யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்று பட்டியலிட வேண்டும். தரவுகளைப் புதியதற்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். நிறுத்துவது கடைசி வேலை.

அவசரப்பட்டால் என்ன நடக்கும்? பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி, 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தனது வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றியது. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய முறை பாரம் தாங்கவில்லை. சுமார் 19 இலட்சம் பேரால் தமது கணக்கைப் பார்க்க முடியவில்லை. நிலைமை வழமைக்குத் திரும்ப டிசம்பராகியது. 2022இல் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. சரக்கு வந்தாலும் கடை திறக்காவிட்டால் வியாபாரமில்லை!

எனது கடையிலும் பில் போடும் கணனியை மாற்றிய அன்றே பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கடன்காரர் கணக்கில் பாதி அதோடு போய்விட்டது. நிலுவையை வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே இவ்வேலையை எடுப்பவர் சில விடயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பழையதை நிறுத்தலாம் என்று கையொப்பமிடுபவர் யார்? இரண்டும் எத்தனை மாதம் சேர்ந்து ஓடும்? இடையில் புதிதாக வெளிப்படும் வேலைக்குக் கூலி என்ன? பணம் கட்டம் கட்டமாக வர வேண்டும்.

இன்னொன்று. வேலை நன்றாக முடிந்தால் உங்கள் வேலையும் முடிந்துவிடும். அதைத் தெரிந்து விலை பேசுங்கள். ஆனால் சம்பளம் நீளட்டும் என்று இழுத்தடிக்காதீர்கள். கணக்குக் குறையாமல் திறப்பை ஒப்படைத்தவரைத்தான் அடுத்த கடைக்காரரும் தேடி வருவார்.