மேல்மாடிக் குளியலறை: டைல்ஸுக்கு முன் பைப்பைப் பாருங்கள்

கிழக்கில் காணிக்குப் பெரும் தட்டுப்பாடு. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் பல குடும்பங்களுக்கு, இளைய மகளுக்கு வீடு என்றால் இருக்கும் வீட்டுக்கு மேலே ஒரு மாடி என்றே ஆகிவிட்டது. கலியாணத் திகதி நெருங்க வேலை அவசரப்படும். டைல்ஸின் நிறத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கும் நாம், சுவருக்குள் மறையப்போகும் பைப்பைப் பார்ப்பதில்லை. ஆறு மாதத்தில் குளியலறை நாறத் தொடங்கும்.

பேசினுக்குக் கீழேயும், தரையில் தண்ணீர் வடியும் துளைக்குக் கீழேயும், கொமட்டுக்குள்ளேயும் வளைந்த ஒரு பகுதி உண்டு. கடைகளில் 'ட்ரப்' என்பார்கள். அதில் தேங்கி நிற்கும் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர்தான் மலக்குழியின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கொமட்டை ஃபிளஷ் பண்ணும்போது, மாடியிலிருந்து இறங்கும் செங்குத்துப் பைப்பில் தண்ணீர் வேகமாக விழ, அதற்குப் பின்னால் அமுக்கம் குறைகிறது. காற்று வர வழியில்லாவிட்டால் பக்கத்து ட்ரப்பின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். பேசினில் 'களக் களக்' என்று சத்தம் கேட்பது இதனால்தான்.

வகுப்பில் இதற்கு நான் ஸ்ட்ரோவைக் காட்டுவேன். மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் விழாது. விரலை எடுத்தால் விழும். செங்குத்துப் பைப்பைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்த் திறந்து விடுவதும் அந்த விரலை எடுப்பதைப் போன்றதுதான். 10 அடிக்குள் ஜன்னல் இருந்தால் அதைவிட 3 அடியாவது உயரட்டும். முனையை மூடி போட்டு அடைக்காமல் நுளம்பு வலை கட்டுங்கள்.

அடுத்தது, பைப்புகள் சேரும் இடம். கொமட்டின் 4 அங்குலப் பைப் நுழையும் மட்டத்திலிருந்து 8 அங்குலம் கீழ் வரை, எதிர்ப்பக்கத்தில் சிறிய பைப் எதையும் சேர்க்கக் கூடாது. கொமட்டிலிருந்து வருவது நேரே அதற்குள் பாயும். படுத்துப் போகும் பைப்புக்கு 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு போதும். செங்குத்துப் பைப் நிலத்தில் திரும்பும் இடத்தில் ஒரே சதுர எல்போ போடுவது நம் ஊர் வழக்கம். வேண்டாம், 45 பாகை பெண்ட் இரண்டு போடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுப் பைப்பையும் அந்தத் திருப்பத்துக்கு ஒன்றரை அடியாவது மேலே சேர்க்க வேண்டும், அல்லது வெளியே தனியாகக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மேலே மகள் குளிக்க, கீழே உம்மாவின் குளியலறையில் சோப்பு நுரை பொங்கும்.

பொதுக் கழிவுநீர்க் குழாய் உள்ள நகரத்தில் எல்லாவற்றையும் ஒரே செங்குத்துப் பைப்பில் விடலாம். மலக்குழியை நம்பியிருக்கும் ஊரில் அப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். குளிக்கும் தண்ணீரும் வுழூச் செய்யும் தண்ணீரும் துணி கழுவும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் குழிக்குள் கழிவு அடியில் படிய நேரமிருக்காது. படியாத கழிவு மணலில் இறங்கும். கடற்கரை மணலில் அது எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அது பக்கத்து வீட்டாரின் கிணறாகவும் இருக்கலாம். கொமட்டுக்கு ஒரு பைப், மற்றத் தண்ணீருக்கு வேறு பைப், வேறு குழி. செலவு கொஞ்சம் கூடும்தான். மழைத்தண்ணீரை இரண்டிலும் விடாதீர்கள்.

சுவரை மூடுவதற்கு முன் பைப்பின் கீழ்முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, அரை மணித்தியாலம் விட்டுப் பார்க்கும்படி மேசனிடம் கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்பார். நின்று பார்த்துவிட்டே கூலியைக் கொடுங்கள்.

2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் அதிகமானோருக்கு சார்ஸ் தொற்றியது. தரைத் துளைகளின் ட்ரப்புகள் காய்ந்து கிடந்ததும், குளியலறைக் காற்றாடி பைப்பிலிருந்த காற்றை உள்ளே இழுத்ததும் அதற்குக் காரணங்களாகச் சுகாதாரத் துறையின் விசாரணையில் சொல்லப்பட்டன. அங்கே பலர் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தார்கள். நம் வீடுகளில் விருந்தினருக்கென்று பூட்டி வைக்கும் குளியலறையின் ட்ரப்பும் இப்படித்தான் காயும். வாரத்துக்கு ஒரு தடவை அதன் தரைத் துளையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பேசினிலும் கொஞ்சம் விடுங்கள்.