சேணத்துக்கு முன் ஒரு பாடம்

நுழையும்முன்

குதிரையேற்றம் என்றவுடன் அரசர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், இன்று நாம் வாழும் பெங்களூரிலேயே உங்கள் வயதையொத்த சிறுவர் சிறுமியர் குதிரையேற்றம் பயில்கின்றனர். அங்கே அவர்கள் முதலில் கற்பது யாது? குதிரைமீது ஏறுவது என்று நீங்கள் நினைக்கலாம். அது அன்று. வேறு எது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நம் ஊரும் குதிரையும்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைத்தளம் அமைத்தனர். அதுவே பின்னர் கண்டோன்மென்ட் எனப் பெயர் பெற்றது. அப்படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். படையோடு குதிரைகளும் வந்தன. இன்று படைக்குதிரைகளைத் தெருவில் காண்பது அரிது. எனினும், குதிரையேற்றக் கலை இந்நகரை விட்டு நீங்கவில்லை.

நகரின் வடக்கே, வானூர்தி நிலையம் அமைந்துள்ள பக்கத்தில், எம்பசி இன்டர்நேஷனல் ரைடிங் ஸ்கூல் என்னும் பயிற்சிப்பள்ளி உள்ளது. இது 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதன்முதலாகக் குதிரையைத் தொட்டுப் பார்க்கும் சிறுவரும், நாட்டின் சார்பில் போட்டியிடும் வீரரும் பயிற்சி பெறும் இடம் இது. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா இங்குப் பயின்றவரே. இவர் 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பிரிவிலும் குழுப் பிரிவிலும் வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது 1982ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதல் முறை.

வாய் பேசா உயிரின் மொழி

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும் என மொழிகளுக்கு இடையே வளர்பவர்கள் நீங்கள். தமிழில் ‘குதிரை’ என்கிறோம்; கன்னடத்தில் ‘குதுரெ’ என்கின்றனர். குதிரையேற்றப் பள்ளியில் சேரும் மாணவர் இவற்றோடு இன்னொரு மொழியையும் கற்க வேண்டும். அது குதிரையின் மொழி. அதற்கு எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை.

குதிரையின் இரு செவிகளும் தனித்தனியே திரும்ப வல்லவை. செவிகள் முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் அது எதையோ ஆர்வத்துடன் கவனிக்கிறது. பின்னோக்கிக் கழுத்தோடு ஒட்டப் படிந்திருந்தால் சினமோ அச்சமோ கொண்டிருக்கிறது. வாலை வேகமாகச் சுழற்றினால் ஏதோ அதனைத் துன்புறுத்துகிறது. அது ஈயாகவும் இருக்கலாம், இறுக்கிய வாராகவும் இருக்கலாம்.

குதிரையின் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்துள்ளன. ஆகையால் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ அனைத்தையும் தலையைத் திருப்பாமலே காணும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் அதற்குத் தெரியா. ஓசையின்றிப் பின்புறமாக அணுகுபவரை அது பகையெனக் கருதி உதைக்கக் கூடும். புல்வெளியில் கொடிய விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் அது. ஐயம் தோன்றினால் ஓடுவதே அதன் இயல்பு. எனவே பக்கவாட்டில், தோளை நோக்கி, மெல்லப் பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். இதுவே மாணவர் கற்கும் முதல் பாடம்.

லாயத்தில் தொடங்கும் வகுப்பு

குதிரைகள் கட்டப்படும் இடம் லாயம். வெயில் ஏறுமுன் காலையிலேயே வகுப்பு தொடங்கும். குதிரையைப் பேணுபவரை இங்கே ‘சைஸ்’ என்று அழைப்பர். பழந்தமிழில் அவருக்கு ‘வாதுவன்’ என்று பெயர். அவரிடமிருந்து மாணவர் கற்பவை பல.

முதலில் குதிரையின் உடலைத் தேய்த்துத் தூய்மை செய்தல் வேண்டும். சேணம் அமரும் முதுகில் ஒரு சிறு முள்ளோ மண்கட்டியோ இருந்தாலும், ஏறியமர்பவரின் எடையால் அது புண்ணாகிவிடும். அடுத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பின் அடியில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் கொக்கியால் அகற்ற வேண்டும். குளம்பு நம் நகத்தைப் போல வளர்வது. ஆகவே 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவி லாடத்தை மாற்றி அடிப்பர்.

உணவிலும் கவனம் தேவை. குதிரையின் உடல் பெரிது, இரைப்பையோ சிறிது. ஆதலால் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே அதற்கு ஏற்றது. புல்லும் வைக்கோலும் அடிப்படை உணவு. கொள்ளும் பிற தானியங்களும் அளவோடு கொடுக்கப்படும். உண்டது ஒவ்வாவிட்டால் குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. எனவே சாதாரண வயிற்றுவலியும் அதன் உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்’ என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கடிவாளத்தின் இரும்புத் துண்டு, பற்கள் இல்லாத ஈறுப்பகுதியின்மேல் கிடக்கும். அதனை வெடுக்கென இழுத்தால் எவ்வளவு வலிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வாயை மூடும் குதிரைமீது குற்றம் காண மனம் வராது.

ஏறுதலும் அமர்தலும்

இவ்வளவும் முடிந்த பிறகே சேணம் பூட்டப்படும். சிறுவருக்குப் பெரும்பாலும் போனி எனப்படும் குட்டையினக் குதிரை தரப்படும். குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்மேடு வரை அளப்பர். அதற்குரிய அளவு ‘கை’ எனப்படும்; ஒரு கை என்பது 4 அங்குலம். 14 கை 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 148 சென்டிமீட்டர் வரை உயரமுள்ளவை போனிகளாகக் கொள்ளப்படும்.

தலைக்கவசம் அணியாமல் எவரும் ஏறக்கூடாது. குதிரையின் இடப்பக்கத்தில் நின்று, இடக்காலை அங்கவடியில் ஊன்றி ஏறுவது மரபு. முதல் நாள்களில் பயிற்சியாளர் ஒரு நீண்ட கயிற்றின் முனையைப் பிடித்தபடி நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமிடும். மாணவர் நிமிர்ந்து அமர்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, சமநிலை பழகுவார்.

குதிரையின் நடைகளைத் தாளத்தால் அறியலாம். மெதுவான நடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ‘தகதிமி’ என எண்ணலாம். ‘டிராட்’ எனப்படும் துள்ளுநடையில் எதிரெதிர் மூலைக்கால்கள் இணைந்து விழும். அது ‘தக’ என இரண்டாகும். ‘கேன்டர்’ எனப்படும் மென்பாய்ச்சலில் ‘தகிட’ என மூன்று ஒலிகள் கேட்கும். அனைத்திலும் விரைவானது நாலுகால் பாய்ச்சல். துள்ளுநடையில் தாளத்தோடு எழுந்து அமரத் தெரியாதவர், குதிரையின் முதுகில் மூட்டையைப் போல மோதிக்கொண்டே இருப்பார். அதனால் வருத்தம் இருவருக்கும்தான்.

சில வேளைகளில் மாணவர் விழுவதும் உண்டு. ‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று நாம் குதிரையைப் பழிப்போம். பயிற்சிப்பள்ளியிலோ, குதிரை ஏன் மிரண்டது, நான் எதனைக் கவனிக்கத் தவறினேன் என்னும் இரு வினாக்களே கேட்கப்படும்.

வகுப்பு முடிந்தவுடன் இறங்கி ஓடிவிட முடியாது. வயிற்றுவாரைத் தளர்த்தி, மூச்சு இயல்பாகும்வரை குதிரையை நடத்திச் சென்று, நீர் காட்டி, லாயத்தில் விட்ட பின்னரே மாணவர் தம் பசியை நினைக்கலாம்.

வரலாறு கூறும் செய்தி

குதிரைகள் கடல்வழியே காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பின்னாளில் பாண்டியரும் அரபு நாடுகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, அக்குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிட்டதாக எழுதியுள்ளார். பேணும் முறை அறிந்தோர் இல்லாமையையே அவர் அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். அரசரிடம் செல்வம் இருந்தது, குதிரையும் இருந்தது. இல்லாதது அதனைப் பற்றிய அறிவு.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கரான செனபோன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையைச் சினத்தோடு அணுகக் கூடாது என்பது அவர் தந்த அறிவுரைகளுள் ஒன்று. அது இன்றைய பயிற்சிக்கும் பொருந்துகிறது.

பதக்கம் யாருக்கு?

ஃபவாத் மிர்சா பங்கேற்கும் போட்டிக்கு ‘ஈவென்டிங்’ என்று பெயர். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒழுங்குநடை காட்டுதல், திறந்தவெளியில் தடைகளைக் கடந்து விரைதல், அரங்கில் தடை தாண்டுதல் என்பன அவை. ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி அனைவரும் ஒரே களத்தில் போட்டியிடுவர். திறந்தவெளி ஓட்டத்திற்குப் பின், தடை தாண்டுவதற்கு முன், குதிரையை நடத்தி ஓட்டிச் சோதிப்பர். அது நொண்டினால், வீரர் முன்னணியில் இருந்தாலும் மேற்கொண்டு போட்டியிட இயலாது. குதிரையின் நலம் காக்காதவருக்குப் பதக்கம் இல்லை என்பதே இவ்விதியின் பொருள்.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மிர்சா இறுதிச் சுற்றுவரை சென்று 23ஆம் இடம் பெற்றார். 2018இல் அவருக்கு வெள்ளி பெற்றுத் தந்த அதே செனியர் மெடிகாட் என்னும் குதிரையே டோக்கியோவிலும் அவரைச் சுமந்தது. இத்தகைய துணை ஒருநாள் பழக்கத்தில் அமைவதன்று.

குதிரையேற்றம் மிகுந்த செலவுடைய கலை. நம்மில் பலருக்கு அதனைப் பயிலும் வாய்ப்புக் கிட்டாமல் போகலாம். ஆனால், அதன் முதல் பாடத்திற்குக் கட்டணம் இல்லை. உங்கள் தெருவில் படுத்திருக்கும் நாயின் செவியும், சாலையோரம் நிற்கும் பசுவின் வாலும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. நாளை பள்ளிக்கு வரும் வழியில் சற்று நின்று கவனியுங்கள்.

எண்ணி எழுதுக

1. குதிரையைப் பக்கவாட்டிலிருந்து அணுக வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
2. பாண்டிய நாட்டுக் குதிரைகள் இறந்ததற்கு மார்க்கோ போலோ கூறும் காரணத்தை உங்கள் சொற்களில் எழுதுக.
3. நீங்கள் அன்றாடம் காணும் ஒரு விலங்கை ஐந்து நிமிடம் உற்றுநோக்கி, அது உடலசைவால் உணர்த்தியவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.