தோற்ற குழந்தைக்கும் அடுத்த ஆட்டம்

பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்து, ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் திறமைப் போட்டிகளை முறையான விளையாட்டாக அங்கீகரிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நமது பாராளுமன்றம் நிறைவேற்றியதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். “என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் போட்டிக்காகவே காத்திருக்கிறான். பத்து நிமிஷத்தில் தோற்றுவிட்டு, அன்று பூராவும் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். விளையாட்டென்றால் சந்தோஷம் தர வேண்டாமா? விஞ்ஞானத்தில் இதற்கு ஏதாவது வழி உண்டா?” என்பது அவருடைய கேள்வி.

வழி உண்டு. ஆனால் அது பலரும் தேடுகிற இடத்தில் இல்லை. மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் செயலிகளும், நாடித் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரங்களும், “டோபமைன்” என்ற ஒரே சொல்லால் சகலத்தையும் விளக்கிவிடும் உபந்நியாசங்களும் இன்று மலிந்திருக்கின்றன. அளவான பதற்றம் திறமையைக் கூட்டும், அதிகப் பதற்றம் அதைக் குறைக்கும் என்று காட்டுவதற்காக எல்லோரும் வரையும் மலை வடிவமான வளைகோட்டுக்கு மூலமாகச் சொல்லப்படுவது, 1908-இல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் சுண்டெலிகளைக் கொண்டு செய்த பரிசோதனை. வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுகொள்வதற்காக அந்த எலிகளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு சிறுவனின் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தியம் எழுதுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. குழந்தையின் மனத்தைத் திருத்தப் புறப்படுமுன் போட்டியின் அட்டவணையைத் திருத்த முடியுமா என்று பார்ப்பதே முறை.

அந்தச் சிறுவன் ஆடியது, தோற்றவர் உடனே வெளியேறும் நாக்-அவுட் போட்டியாக இருக்க வேண்டும். 64 பேர் சேரும் நாக்-அவுட் போட்டியில் மொத்தம் 63 ஆட்டங்களே நடக்கின்றன. சராசரியாக ஒருவருக்கு இரண்டு ஆட்டம்கூடக் கிடைப்பதில்லை. முதல் சுற்று முடிந்ததும் 32 பேர் ஒரு வெற்றியும் காணாமல் வெளியேறுகிறார்கள். இரண்டாவது சுற்றோடு 48 பேருக்கு அன்றைய தினம் முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்து ஆசை முழுவதையும் ஒரே ஒரு ஆட்டத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, அதன் பிறகு குழந்தையைப் பார்த்து “பதறாதே” என்று சொல்லுவதில் என்ன பயன்?

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் முதல் போட்டி என்று பெயர் பெற்றது, 1972 அக்டோபர் 19 அன்று ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் “ஸ்பேஸ்வார்” ஆட்டத்தை வைத்து நடந்தது; பரிசு ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா. நமக்கு வேண்டிய உபாயமோ அதற்கும் வெகுகாலம் முன்பே, 1895-இல், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்துச் சதுரங்கப் போட்டி ஒன்றில் யூலியஸ் முல்லர் என்பவரால் கையாளப்பட்டு, சுவிஸ் முறை என்று பெயர் பெற்றது. 2022-இல் மாமல்லபுரத்தில் 180-க்கு மேற்பட்ட அணிகள் கூடிய சதுரங்க ஒலிம்பியாட் 11 சுற்றுகளில் முடிந்ததும் இம்முறையால்தான்.

இதன் முக்கிய விதிகள் இரண்டே. யாரும் வெளியேற்றப்படுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி பெற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். இவ்வளவு எளிய விதிகளிலிருந்து எவ்வளவு அழகான ஒழுங்கு பிறக்கிறதென்பதைப் பாருங்கள். டிராக்களை ஒதுக்கிவிட்டு அதே 64 பேரை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்குப் பின் வென்றவர் 32, தோற்றவர் 32. இரண்டாவது சுற்றுக்குப் பின் இரண்டு வெற்றி பெற்றவர் 16, ஒன்று பெற்றவர் 32, ஒன்றுமில்லாதவர் 16. மூன்றாவதன் பின் 8, 24, 24, 8. இப்படியே போய் ஆறாவது சுற்றின் முடிவில் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1 என்று நிற்கிறது. ஆறு வெற்றிகளோடு ஒரே ஒரு சாம்பியன் கிடைத்துவிடுகிறான்; வெற்றியே காணாதவனும் ஒரே ஒருவன்; இரண்டு முதல் நான்கு வெற்றி வரை பெற்று நடுவில் நிற்பவர்கள் 50 பேர். நாக்-அவுட்டில் வெறுங்கையோடு வீடு திரும்பிய 32 பேர் இங்கே ஒருவராகக் குறைந்துவிட்டார்கள்!

இந்த எண்களைப் பள்ளியில் பாஸ்கலின் முக்கோணம் என்று படித்திருப்போம். பிங்கலருடைய சந்தஸ் சாஸ்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், ஆறெழுத்து அடியில் லகுவும் குருவும் (குறுகிய அசையும் நீண்ட அசையும்) எத்தனை விதமாக அமையலாம் என்று கணக்கிடுவதற்கு மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விவரித்ததும் இதே எண்வரிசைதான். செய்யுளின் சந்தத்தை அளந்த கணிதம், ஒரு குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையையும் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கு அளவற்ற ஆனந்தம்.

இதை நமது வீட்டுச் சாமான்களை வைத்தே விளக்கலாம். நாக்-அவுட் என்பது சல்லடை. ஒருமுறை கண்ணின் வழியே கீழே விழுந்த மணி, நல்ல மணியாகவே இருந்தாலும், மேலே ஏறி வர வழியில்லை. சுவிஸ் முறை என்பது முறம். முறத்தைத் தட்டி எழுப்பும் ஒவ்வொரு முறையும் கனத்த மணி புடைப்பவளின் பக்கம் ஒதுங்க, இலேசானது முனையை நோக்கி நகர்கிறது. ஒரு புடைப்பில் தவறிப்போன மணி அடுத்த புடைப்பில் தன் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறது. ஆறு புடைப்பில் முழு அரிசி ஓரிடத்திலும், இடிந்த அரிசி ஓரிடத்திலும், நொய் ஓரிடத்திலுமாகத் தானே பிரிந்து நிற்கும். அந்த நொய்யும் கஞ்சிக்கு உதவுவதால் எதையும் வெளியே கொட்டுவதில்லை. அரிசியோடு கல்லும் கலந்திருக்குமே என்றால், உண்டு: தேர்ந்த ஆட்டக்காரன் புதிய பெயரில் கணக்குத் தொடங்கிச் சிறுவர்களுக்கிடையே புகுந்துகொள்வதை “ஸ்மர்ஃப்” என்கிறார்கள், அதைப் புடைத்துப் பிரிக்க முடியாது, கொழித்துக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். இடைவிடாமல் புடைத்தால் கை ஓய்ந்துபோவதைப் போல, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கால்மணி நேரம் விடாத போட்டியில் குழந்தைகளும் ஓய்ந்துபோவார்கள்.

என் தங்கையின் பேத்தி, பதினொரு வயதுப் பெண், இப்படியொரு ஆறு சுற்று ஆன்லைன் சதுரங்கப் போட்டியில் ஆடியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. கண் கலங்கிற்று, லாப்டாப்பை மூடுவதற்குக்கூடக் கை போயிற்று. அதற்குள் மூன்றாவது சுற்றில் யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியல் திரையில் வந்துவிட்டது. தன் எதிராளியின் பெயருக்கு நேரே இருந்த சைபரை விரலால் தொட்டு, “இந்தப் பையனும் ரெண்டும் தோத்திருக்கான், தாத்தா” என்றாள். அந்தக் குரலில் இருந்தது பச்சாதாபமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் மூடப்போன கை, மௌஸின் மேல் வந்து அமர்ந்தது. அந்த ஆட்டத்தை வென்றாள். நான்காவதைத் தோற்று, எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து, ஐந்தாவதையும் ஆறாவதையும் வென்றாள். மூன்று வெற்றி, மூன்று தோல்வி: மேருவின் நட்டநடு அறை! அன்று இரவு சாப்பிடும்போது அவள் பேசியதெல்லாம் கடைசி ஆட்டத்தில் தன் குதிரை செய்த காரியத்தைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுவிஸ் முறையிலேயே மிகவும் ஏற்றத்தாழ்வானது முதல் சுற்றுதான். ரேட்டிங் எனப்படும் திறமை மதிப்பீட்டு வரிசையின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு இணைப்பது வழக்கமாகையால், 64 பேரில் முதலாமவனோடு 33-ஆமவன் மோத நேருகிறது. பௌதிகப் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ வகுத்து, உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-இல் ஏற்ற கணக்கின்படி, ரேட்டிங்கில் 200 புள்ளி உயர்ந்தவர் எதிர்பார்க்கக்கூடியது, வெற்றிக்கு ஒன்று என்ற கணக்கில், ஆட்டத்துக்கு 0.76 புள்ளி, 400 உயர்ந்தவருக்கு 0.9-க்கு மேல். அதே கணக்கில் கருணையும் உண்டு: ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் மாறக்கூடிய உச்ச அளவு 20 என்று வைத்தால், சமமானவரிடம் தோற்பதற்கு 10 புள்ளி குறையும், 400 உயர்ந்தவரிடம் தோற்பதற்கு 2 புள்ளிகூடக் குறையாது. ஆகையால் முதல் சுற்றுத் தோல்வியைத் திறமையின் தீர்ப்பாகக் கொள்ளலாகாது என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது பெற்றோர் கடமை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் ரேட்டிங் சரிவைத் திரையில் காட்டாமல், நாள் முடிவில் ஒரே தடவையாகக் காட்டுவது நடத்துவோர் செய்யக்கூடிய தர்மம்.

உலக மேடையிலும் இந்த அறிவு வந்துகொண்டிருக்கிறது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தின் உலகப் போட்டி 2023-இல் சுவிஸ் முறையைச் சற்றே மாற்றித் தழுவியது: 16 அணிகளில் ஒன்று மூன்று முறை வென்றால் அடுத்த கட்டம், மூன்று முறை தோற்றால்தான் வெளியேற்றம். பரிசுத் தொகையின் பிரமாண்டமோ நிலைப்பதில்லை. 2021-இல் 4 கோடி டாலருக்கு மேல் பரிசு வைத்திருந்த டோட்டா 2 ஆட்டத்தின் உலகப் போட்டியில், 2023-இல் அது ஏறக்குறைய 30 லட்சமாகச் சுருங்கிற்று. இரவு நெடுநேரம் ஆடவைப்பதையும், ஆட்டத்தின் நடுவே வந்து விழும் வசைகளையும் எந்த அட்டவணையும் தானாகத் தடுத்துவிடாது என்பதையும் மறுக்கவில்லை. அவற்றுக்கு நேரக் கட்டுப்பாடும், கண்டிப்பான நடுவரும் வேண்டும்.

ஆயினும், கும்பகோணத்து அம்மா, மகனைப் போட்டியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை பெயர் கொடுப்பதற்கு முன், பரிசு எவ்வளவு என்று விசாரிக்காமல், நடத்துகிறவரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “முதல் ஆட்டத்தில் தோற்ற குழந்தைக்கு அடுத்த ஆட்டம் உண்டா?” உண்டு என்றால் தைரியமாக அனுப்புங்கள்.